வீட்டுக் கடன்: வங்கிக்குப் போகும் முன் உங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

தோட்ட வீட்டை விட்டுத் தாமானில் சொந்த வீடு வாங்க நினைக்கும் நம்மவர்கள் பலர், வீட்டைப் பார்த்து முன்பணம் கட்டிய பிறகே வங்கிக்குப் போகிறார்கள். 3 இலட்சம் வெள்ளி வீட்டுக்கு 3 விழுக்காடு முன்பணம் என்றால் 9,000 வெள்ளி. கடன் கிடைக்காவிட்டால் அந்தப் பணம் திரும்பி வருமா என்பது நீங்கள் கையெழுத்திட்ட தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. "கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுதும் திருப்பித் தரப்படும்" என்ற வரி இல்லாமல் கையெழுத்திடாதீர்கள். முகவர் வாயால் சொல்வது போதாது.

வங்கி முதலில் பார்ப்பது பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் பதிவை. கடந்த 12 மாதங்களில் எந்தத் தவணையை எப்போது கட்டினீர்கள் என்பது அதில் மாதவாரியாக இருக்கும். 0 என்றால் பாக்கியில்லை. 1, 2 என்றால் அத்தனை மாத நிலுவை. பிடிபிடிஎன் கல்விக் கடனும் அதில் வரும். இந்தப் பதிவை நீங்களே இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். புரியாவிட்டால் ஏகேபிகே கிளைக்குப் போங்கள், ஆலோசனைக்குக் கட்டணமில்லை.

நம்மிடையே அதிகம் காலை வாருவது "பேர் மட்டும் கொடுத்த" கடன்தான். தம்பிக்குக் கார் வேண்டும், அவனுக்குச் சம்பளச் சீட்டு இல்லை, அண்ணன் பெயரில் எடுத்தார்கள். தம்பி மாதம் தவறாமல் கட்டினாலும் வங்கிக் கணக்கில் அது அண்ணன் கடன்.

ஒரு கணக்குப் போடுவோம். பிடித்தம் போகக் கையில் வரும் சம்பளம் 3,200 வெள்ளி. மோட்டார் சைக்கிளுக்கு 180, பிடிபிடிஎன்னுக்கு 150. 90 விழுக்காட்டுக் கடன் 270,000 வெள்ளி. 4 விழுக்காடு வட்டி, 35 ஆண்டு என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 1,195. மொத்தம் 1,525, சம்பளத்தில் பாதிக்கும் குறைவு. தம்பியின் கார் தவணை 550-ஐச் சேர்த்தால் 2,075. கிட்டத்தட்ட 65 விழுக்காடு. இந்தச் சம்பளத்துக்குப் பல வங்கிகள் தயங்கும் அளவு அது. வரம்பு வங்கிக்கு வங்கி மாறும். காரை விற்பதோ, தம்பி தன் பெயரில் புதுக் கடன் எடுத்துப் பழையதை அடைப்பதோ வீடு தேடும் முன்பே நடக்க வேண்டும். சொல்லச் சங்கடமான பேச்சுதான். ஆனால் முன்பணம் கட்டிய பிறகு பேசுவது இன்னும் சங்கடம்.

ஆவணங்கள் பெரிய சிக்கலில்லை: மைகாட் நகல், 3 மாதச் சம்பளச் சீட்டு, சம்பளம் விழும் வங்கிக் கணக்கு அறிக்கை, இபிஎப் அறிக்கை, இஏ பாரம், வீட்டின் முன்பதிவுத் தாள். லோரி ஓட்டுபவர்கள், கடை வைத்திருப்பவர்கள் வருமானத்தைக் கையிலேயே புழங்காமல் ஆறு மாதமாவது வங்கியில் போட்டு எடுங்கள். சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கு அரசாங்கத்தின் எஸ்ஜேகேபி உத்தரவாதத் திட்டம் உண்டு; அதில் பங்கேற்கும் வங்கியில் கேளுங்கள்.

கடன் காலம் அதிகபட்சம் 35 ஆண்டு; பொதுவாக 70 வயதுக்குள் முடிய வேண்டும். 50 வயதுக்காரருக்கு 20 ஆண்டுதான் கிடைக்கும், தவணை ஏறும். வேலை செய்யும் பிள்ளையைக் கூட்டாகச் சேர்க்கலாம். ஆனால் அந்தக் கடன் பிள்ளையின் பதிவிலும் ஏறும் என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பழைய வீடு என்றால் வங்கியின் மதிப்பீடு விலையைவிடக் குறையலாம். அந்த வித்தியாசம் உங்கள் கையிலிருந்துதான். வழக்கறிஞர் கட்டணம், முத்திரை வரி தனி. முதல் வீட்டுக்கு வரி விலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். இபிஎப் பணத்தை எடுக்கலாம், ஆனால் அதற்கு வாங்கல் விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்க வேண்டும். எனவே முதல் 10 விழுக்காட்டை பெரும்பாலும் நீங்கள்தான் முன்கூட்டிப் புரட்ட வேண்டியிருக்கும்.