புல் வெட்டும் மிஷினும் விளக்கெண்ணெயும்

கிரீஸ் டப்பாவுக்குள் என்ன பெரிய சரித்திரம் இருக்கப்போகிறது என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். சின்ன வயசில் மாட்டு வண்டி பார்த்தவர்களுக்குப் பாதிக் கதை ஏற்கெனவே தெரியும்.

எங்கள் தாத்தாவின் வண்டிக்கு அடியில் ஒரு மூங்கில் குழாய் தொங்கும். அதற்குள் வண்டி மை. வைக்கோலைக் கருக்கி, பொடித்து, விளக்கெண்ணெயில் குழைத்த கறுப்புப் பசை. கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே இழுத்து, அச்சில் அப்பிவிட்டு மறுபடி தள்ளுவார். வேட்டியில் பட்டால் அவ்வளவுதான், எந்த சோப்புக்கும் போகாது. வெறும் எண்ணெயை ஊற்றினால் பத்து நிமிஷத்தில் ஒழுகிவிடும். அதைப் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும், அதற்குத்தான் அந்தக் கரி. இன்றைக்குக் கடையில் விற்கிற அத்தனை கிரீஸுக்கும் இதுதான் சூத்திரம்: எண்ணெய், அதைப் பிடித்து வைக்கும் ஒரு பொருள். எந்தப் பொருள் என்பதில்தான் எல்லாச் சண்டையும்.

இனி புல் வெட்டும் மிஷினுக்கு வருவோம். 1830-ல் எட்வின் பட்டிங் என்ற இங்கிலாந்துக்காரர் இதற்கு பேடண்ட் வாங்கினார். அவர் இருந்த ஸ்ட்ரௌட் பக்கம் கம்பளித் துணி ஆலைகள் அதிகம். நெய்த துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முடியைச் சீராக வெட்ட, உருளையில் கத்தி பொருத்திய மிஷின் வைத்திருந்தார்கள். அதைப் புல்தரையில் உருட்டினால் என்ன என்று யோசித்தார் மனுஷர். லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் மிருகக்காட்சிசாலை அவருடைய ஆரம்பகால வாடிக்கையாளர்களில் ஒன்று. பால் பேரிங் எல்லாம் அதில் கிடையாது. இரும்புத் தண்டு, அதைத் தாங்கும் துளை, நடுவில் எண்ணெயோ மிருகக் கொழுப்போ. ஒரு ஆள் தள்ளும் வேகத்துக்கு அது போதும்.

அதே பத்தாண்டில், 1835-ல், கொழுப்போடு சுண்ணாம்பைச் சேர்த்த கிரீஸுக்கும் இங்கிலாந்தில் பேடண்ட் கொடுத்தார்கள். கொழுப்பும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஒரு வகை சோப்பு. 1859-ல் பென்சில்வேனியாவில் பெட்ரோலியக் கிணறு தோண்டிய பிறகு மினரல் எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. அதில் இந்தச் சுண்ணாம்பு சோப்பைக் கலந்ததுதான் நம்ம ஊர் கடைகளில் கப் கிரீஸ் என்று கேட்டு வாங்கினோமே, அது. தண்ணீருக்கு அசையாது. ஆனால் சூடு ஆகாது. அந்த சோப்பையும் எண்ணெயையும் பிணைத்து வைப்பதே அதற்குள் இருக்கும் துளி ஈரம். எழுபது எண்பது டிகிரியை நெருங்கினால் ஈரம் பறந்துவிடும், சோப்பு ஒரு பக்கம் எண்ணெய் ஒரு பக்கம். சுண்ணாம்புக்குப் பதில் சோடியம் போட்டுப் பார்த்தார்கள். சூட்டைத் தாங்கியது, தண்ணீர் பட்டால் கரைந்து போனது. ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை. இப்படியே நூறு வருஷம் ஓடியது.

இது பழங்கதை இல்லை என்பதற்குத்தான் எங்கள் சொசைட்டி விஷயத்தைச் சொல்கிறேன். நாங்கள் இருப்பது பரோடாவில். இங்கே இருக்கும் மிஷின் பெல்ட்டில் ஓடும் பெரிய வகை. பிளேடு சுழலும் தண்டுக்கு மேலே ஒன்று கீழே ஒன்று என்று பேரிங், நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று பக்கம். இரண்டு வருஷத்தில் இரண்டு முறை பேரிங் போயிற்று. மாலி கிரீஸே வைப்பதில்லை, சம்பளத்தில் பிடியுங்கள் என்று கமிட்டியில் பேச்சு. அவரோ வாராவாரம் வைக்கிறேன் சாப் என்கிறார். ஃபேக்டரியில் மெயிண்டனன்ஸ் பார்க்கிறவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். கழற்றிப் பார்த்தால் உள்ளே காய்ந்த சுண்ணாம்பு மாதிரிக் கட்டி, எண்ணெய் மொத்தமும் சீலைத் தாண்டி வெளியே. கமிட்டி வாங்கிக் கொடுத்திருந்ததே மலிவான கப் கிரீஸ் டப்பா. நாற்பத்திரண்டு டிகிரி வெயில், பக்கத்தில் இன்ஜின், அந்தச் சுற்று வேகம். மாலி சொன்னது நிஜம். வாராவாரம் வைத்திருக்கிறார், வைத்தது நிற்கவில்லை. டப்பாவைக் கமிட்டி மேஜையில் வைத்து விளக்கியபின் சம்பளப் பேச்சு நின்றது. அதற்கு மூன்று கூட்டம் ஆனது தனிக்கதை.

சூடு, தண்ணீர் இரண்டையும் தாங்கும் கிரீஸ் இரண்டாம் உலகப் போரின்போதுதான் வந்தது. விமானம் தரையில் வெயிலில் காயும், மேலே போனால் உறைகிற குளிர். இரண்டுக்கும் ஒரே கிரீஸ் வேண்டும். அமெரிக்காவில் கிளாரன்ஸ் எர்ல் என்பவர் 1942-ல் லித்தியம் சோப்புக்கு பேடண்ட் வாங்கினார். சில வருஷத்திலேயே அதைவிட நல்ல கொழுப்பு அமிலம் ஒன்றைக் கண்டுபிடித்து லித்தியத்தோடு சேர்த்தார்கள். அந்த அமிலம் எதிலிருந்து வருகிறது தெரியுமா? ஆமணக்கிலிருந்து. சாட்சாத் நம்ம விளக்கெண்ணெய்! அதில் ஹைட்ரஜனை ஏற்றினால் மெழுகு மாதிரி இறுகிவிடும். அதன் அமிலத்தை லித்தியத்தோடு சேர்த்தால் மெல்லிய நார் நாராக சோப்பு உருவாகும். ஸ்பாஞ்சு தண்ணீரைப் பிடிப்பதுபோல அந்த நார்வலை எண்ணெயைப் பிடிக்கும். இந்த வகைக்கு உருகுநிலை 180 டிகிரிக்கு மேல். தாத்தா எண்ணெயாக ஊற்றியது இங்கே பிடித்து வைக்கும் பொருளாக மாறிவிட்டது.

பிழைக்க வந்த இடத்தைப் பாருங்கள். உலகத்து ஆமணக்கில் பெரும்பங்கு இந்தியாவில், அதிலும் பெரும்பங்கு குஜராத்தில். மெஹசாணா, பனாஸ்காந்தா பக்கம் போனால் வயல் வயலாக நிற்கும். இவர்கள் விளக்கெண்ணெயை ‘திவேல்’ என்பார்கள். ‘தீவோ’ என்றால் விளக்கு, ‘தேல்’ என்றால் எண்ணெய். நாம் வைத்த அதே பெயர்!

சரி, எந்த டப்பா வாங்குவது? புல் வெட்டும் மிஷினுக்கு ஈரப்புல், தூசி, சூடு மூன்றும் உண்டு. மாதக்கணக்கில் சும்மாவும் நிற்கும். டப்பாவில் லித்தியம் அல்லது லித்தியம் காம்ப்ளெக்ஸ் என்றும், என்.எல்.ஜி.ஐ. 2 என்றும் இருந்தால் போதும். அந்த 2 என்பது தரம் இல்லை, இறுக்கத்தின் அளவு. 1933-ல் அமெரிக்காவில் தொடங்கிய கிரீஸ் சங்கம் வைத்த கணக்கு. ஒரு கூம்பை கிரீஸில் விட்டு எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பார்கள். நம்பர் கூடக்கூட இறுக்கம் கூடும். இரண்டு பக்கமும் சீல் போட்டு மூடிய பேரிங் என்றால் எதுவும் வைக்க வேண்டாம், தேய்ந்தால் மாற்றுவதுதான். நிப்பிள் இருந்தால் கன்னில் இரண்டு மூன்று அழுத்து. பிதுங்கும்வரை அடித்தால் சீல் கழன்றுகொள்ளும். மோட்டார் பேரிங்குக்கு என்று வரும் பாலியூரியா வகை அருமையான சரக்குதான், ஆனால் பழைய லித்தியத்தின் மேல் அதை ஏற்றக் கூடாது. பல சமயம் இரண்டும் சேர்ந்து மோராக நீர்த்துப்போகும். வகை மாற்றினால் பழையதைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டுத்தான் புதிதை வைக்க வேண்டும்.

லித்தியத்துக்கும் இப்போது கஷ்டகாலம். எல்லாம் பேட்டரிக்குப் போவதால் 2021, 2022-ல் விலை எகிறியது. கம்பெனிகள் பலவும் கால்சியம் சல்ஃபோனேட் பக்கம் சாய்கின்றன, அதாவது சுண்ணாம்பு வம்சத்துக்கே. இது பழைய கப் கிரீஸ் போல இல்லை, சூட்டையும் தண்ணீரையும் சேர்த்துத் தாங்கும். விலைதான் கொஞ்சம் கூட. இதன் காம்ப்ளெக்ஸ் வகையிலும் பெரும்பாலும் அந்த ஆமணக்கு அமிலம் சேர்கிறது.