முகமில்லாப் பொற்காசுகள்

ஸஸானிய வம்சத்தார் பாரசீகத்தை ஆண்ட காலத்தில் பொற்காசின் ஒரு புறம் மகுடம் தரித்த மன்னனின் உருவமும் மறுபுறம் அக்கினி பீடமும் பொறிப்பதே வழக்கமாயிருந்தது. அரேபியர் அந்நாட்டை வென்ற பின்னர், கலீபா அப்துல் மலிக் 696-ஆம் ஆண்டையொட்டிச் செய்த சீர்திருத்தத்தால் உருவங்கள் நீங்கி, 4.25 கிராம் எடையுள்ள தீனாரின் இரு புறத்தையும் சமய வாசகங்களே நிறைத்தன. இவ்வாறு முகம் காட்டும் வழக்கம் ஒழிந்தபின் ஆள்வோர் தம் அதிகாரத்தை அட்சரங்களைக் கொண்டே பிரகடனம் செய்ய வேண்டியவராயினர். அதில் 18-ஆம் நூற்றாண்டு காட்டிய சாமர்த்தியத்தை வேறெந்த நூற்றாண்டும் காட்டவில்லை என்பது என் எண்ணம்.

ஸபவி வம்சத்தை அகற்றிவிட்டு 1736-இல் முகான் சமவெளியில் முடி சூடிய நாதிர் ஷா, தம் நாணயங்களில், 'நடந்ததில் நன்மை உண்டு' என்று பொருள்படும் அரபு வாசகமொன்றைப் பொறிப்பித்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் எண் மதிப்பு வழங்கும் அப்ஜத் முறைப்படி அதனைக் கூட்டினால், அந்தத் தருணத்துக்குரிய ஹிஜிரி ஆண்டாகிய 1148 கிடைக்கும். ஆனால், தொடக்கத்திலுள்ள அலிப், லாம் என்னும் இரண்டு எழுத்துக்களையும் இடம் மாற்றிவிட்டாலோ, தொகை சிறிதும் மாறாமலே, 'நடந்ததில் நன்மை இல்லை' என்றாகிவிடும். நாதிரை வேண்டாதவர்கள் அவ்வாறே படித்து மகிழ்ந்தார்கள். இவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்ட ஆஸ்தான பண்டிதர் இதைக் கவனியாமல் விட்டது விந்தைதான்!

ஷீராஸிலிருந்து ஆட்சி புரிந்து, 1779-இல் மறைந்த கரீம் கான் ஸந்த் 'ஷா' என்னும் பட்டத்தை ஏற்காமல், 'வக்கீல்', அதாவது பிரதிநிதி, என்ற பெயரோடு நின்றவர். மூன்று கிராமுக்கும் குறைந்த அவருடைய கால் மோகராப் பொற்காசிலுள்ள ஈரடிச் செய்யுளும், ஷியாக்கள் நம்பும் மறைந்துறையும் இமாமின் பேராலேயே காசு அடிக்கப்படுவதாகக் கூறுகிறது. எனினும், மறுபுறம் நடுநாயகமாக விளங்குவது 'யா கரீம்' என்னும் விளி. கரீம் என்பது இறைவனின் திருநாமங்களுள் ஒன்றாதலால் அதில் எவரும் குற்றம் காண இயலாது. ஆயினும் கடைத்தெருவில் அதைக் கையில் வாங்கியவன் யாரை நினைத்திருப்பான் என்பது சொல்லாமலே விளங்கும். அச்சில் எழுத்துக்களைத் தலைகீழாகவன்றி இடவலம் மாற்றிச் செதுக்கி, பொன் வில்லையின்மேல் வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள்; வில்லை அச்சைவிடச் சிறிதாகையால் ஓரத்துச் சொற்கள் அரையும் குறையுமாக வெளியே நின்றுவிடுவதுண்டு; நடுவிலிருந்த இந்தப் பெயருக்கோ பெரும்பாலும் அந்த ஆபத்து நேரவில்லை.

கரீம் கானின் வம்சத்தில் பின்வந்த ஜாபர் கான், ஆறாம் இமாமாகிய ஜாபர் சாதிக்கை விளித்துக் காசு அடித்தார். ஸந்த் வம்சத்தை நிர்மூலமாக்கிய காஜார் தலைவர் ஆகா முஹம்மது கானும் இந்த உபாயத்தை மட்டும் அழிக்காமல் வைத்துக்கொண்டார். அவருடைய காசுகளில் காண்பது 'யா முஹம்மத்'.