ஜன்னல் இரும்புச் சாமான் மாற்றுதல் (லால்பேட்டை, சிதம்பரம் வட்டாரம்)

ஜன்னல் கதவைத் தாங்கும் கீல், இழுக்கும் கைப்பிடி, திறந்த கதவைக் காற்றில் அடிபடாமல் நிறுத்தும் கொக்கி, மூடியபின் அடைக்கும் தாழ்ப்பாள், கொண்டி, நாதாங்கி ஆகியவை தேய்ந்தோ துருவேறியோ போனபின் அவற்றை மட்டும் கழற்றிப் புதியவை பூட்டும் வேலை. கதவையும் நிலையையும் தொடாமல் செய்வது இதன் இலக்கணம். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டத்தில், வீராணம் ஏரியை ஒட்டியுள்ள லால்பேட்டையிலும் அதைச் சூழ்ந்த சிதம்பரம் பகுதியிலும் பழைய மரஜன்னல்கள் இன்னும் மிகுதி. தேக்கில் செய்தவை வசதியான வீடுகளிலும், வேம்பு, பூவரசு, வாகையில் செய்தவை மற்ற வீடுகளிலும் உள்ளன. மரம் உழைக்கும் காலம் வேறு, இரும்பு உழைக்கும் காலம் வேறு என்பதால் ஒரு ஜன்னலின் வாழ்நாளில் சாமான்களைச் சிலமுறை மாற்ற வேண்டிவரும்.

முற்காலம்

ஜன்னல் கதவைத் தாழிட்டு அடைக்கும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில் நக்கீரர் கூதிர்கால நகரைக் காட்டும்போது, வேனிலில் தென்றலைக் கொண்டுவந்த படுக்கை மாடத்துச் சாளரங்கள் குளிருக்கு அஞ்சித் தாழிடப்பட்டிருப்பதைச் சொல்கிறார். அதே பாட்டில் அரண்மனை வாயிற்கதவைப் பற்றி வரும் பகுதி தச்சு வேலையின் விவரம் நிறைந்தது. பருத்த இரும்பால் கதவைப் பிணித்தது, செவ்வரக்குப் பூசியது, குவளைப் பூப்போன்ற வேலைப்பாடு அமைத்தது, தாழ் பொருத்தியது, கைத்திறம் மிக்க கம்மியன் இடைவெளி தெரியாதபடி பொருத்துகளை முடுக்கியது என ஒவ்வொன்றாக வருகின்றன. மரத்தை இறுக்குவது இரும்பின் வேலை, இரும்பைச் செம்மையாகப் பூட்டுவது ஆளின் வேலை என்ற பகுப்பு அன்றே தெளிவாக இருந்திருக்கிறது.

ஆயினும் அக்காலக் கதவு கீலில் ஆடியதன்று. கதவுப் பலகையின் ஓர் ஓரத்தில் மேலும் கீழும் நீட்டிய குடுமி, நிலையிலோ கருங்கல்லிலோ தோண்டிய குழியில் சுழன்றது. பழைய கோயில் வாயில்களில் இந்தக் குழிகளை இன்றும் பார்க்கலாம். சிறிய ஜன்னல் கதவுகளுக்கும் மரக்குடுமியே போதுமானதாயிருந்தது. குடுமிக் கதவில் திருகாணி இல்லை, துருப்பிடிக்க ஒன்றுமில்லை. கதவின் பாரம் முழுவதும் கீழ்க்குழியில் இறங்குவதால் கதவு தொங்குவதும் இல்லை. குறை ஒன்றுதான். குடுமி தேய்ந்தால் தனியே மாற்ற வழியில்லை. கதவையே கழற்றி, தேய்ந்த முனைக்கு இரும்புப் பூண் போட வேண்டும், அல்லது அந்தச் சட்டத்தைப் புதிதாகச் செய்ய வேண்டும். உதிரிப் பாகத்தை மட்டும் மாற்றலாம் என்ற வசதி கீலோடுதான் வந்தது.

இரும்பும் பரங்கிப்பேட்டையும்

சிதம்பரத்துக்கு வடகிழக்கே, வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள பரங்கிப்பேட்டை, தென்னிந்திய இரும்பு வரலாற்றில் பெரிய இடம் பெற்ற ஊர். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830இல் அங்கு இரும்பு உருக்காலை தொடங்கினார். ஐரோப்பிய முறை ஊதுலையில் இரும்பு காய்ச்ச இந்தியாவில் நடந்த முதல் பெருமுயற்சிகளில் இது ஒன்று. சேலம் பக்கத்து இரும்புத்தாது ஆற்றுவழியாக வந்தது. எரிபொருள் மரக்கரி. உலை தின்னும் கரிக்கு ஈடுகொடுக்க அக்கம்பக்கத்துக் காடுகளால் முடியவில்லை, பணமும் போதவில்லை. நிர்வாகம் கைமாறியும் ஆலை நிலைக்கவில்லை. ஹீத் இங்கிலாந்து திரும்பி, எஃகு காய்ச்சும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு எஃகுத் தொழிலுக்குப் பெரும் லாபம் தந்த அம்முறையால் அவருக்குக் கிடைத்தது வழக்குகளே.

இந்த ஆலை நிலைத்திருந்தால் கடலூர், சிதம்பரம் வீடுகளின் கீலும் தாழ்ப்பாளும் உள்ளூர் வார்ப்பிரும்பிலேயே வந்திருக்கலாம். அது நடக்கவில்லை. கொல்லர் பட்டறையில் அடித்த பட்டைக்கீல், கொண்டி, நாதாங்கி ஒருபுறமும், கப்பலில் வந்த இங்கிலாந்துச் சாமான் மறுபுறமும் நெடுங்காலம் புழங்கின. இரண்டு தகடும் ஒன்றன்மேல் ஒன்று மடங்கிக் கதவின் ஓரத்துக்குள் மறையும் இன்றைய கீலை வார்ப்பிரும்பில் செய்ய இங்கிலாந்தில் 1775இல் காப்புரிமை தரப்பட்டது. கூர்முனைத் திருகாணியை இயந்திரத்தில் மலிவாகச் செய்வது 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் கைகூடியது. மறைகீலும் கூர்முனைத் திருகாணியும் சேர்ந்த பிறகே, ஒரு தச்சர் தனியாளாக வந்து அரைநாளில் ஒரு ஜன்னலைச் சரிசெய்துவிட்டுப் போவது சாத்தியமாயிற்று.

கொல்லர் அடித்த கொண்டிகள் இன்றும் சில வீடுகளில் கிடக்கின்றன. ஒரே கம்பியைக் காய்ச்சி வளைத்து, முனையைத் தட்டையாக்கி, மறுமுனையை நிலையின் பின்புறம் வரை செலுத்தி மடக்கி அடித்திருப்பார்கள். அவற்றைப் பிடுங்கினால் மரமும் பிய்ந்து வரும். ஆட்டம் இல்லாதவரை அவற்றை அப்படியே விடுவதே முறை.

வகைகள்

இந்தியத் தரநிலைகள் சாமான்களை உலோகம், வடிவம் இரண்டையும் வைத்துப் பிரிக்கின்றன. எஃகுக் கீலுக்கு ஐ.எஸ். 1341, பித்தளை முதலிய இரும்பல்லாத உலோகக் கீலுக்கு ஐ.எஸ். 205, டவர் போல்ட் எனப்படும் தாழ்ப்பாளுக்கு ஐ.எஸ். 204, கதவைச் சுவரோடு சுவராகத் திருப்பி வைக்க உதவும் பார்லிமென்ட் கீலுக்கு ஐ.எஸ். 362. கடையில் இந்த எண்களைச் சொல்லிக் கேட்பவர் இல்லை. ‘மூணு இஞ்ச் கீல்’ என்றாலே ஜன்னல் கீல் என்று தெரிந்துவிடும். அது 75 மி.மீ. வாசற்கதவுக்கு நான்கோ ஐந்தோ அங்குலம்.

உலோகத்தைத் தேர்வது இவ்வட்டாரத்தில் முக்கியம். கடலூர், பரங்கிப்பேட்டைக் கரையில் உப்புக்காற்று சாதாரண இரும்பைச் சில ஆண்டுகளிலேயே தின்றுவிடும். அங்கு எவர்சில்வரிலும் 304 வகை போதாது, 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்த 316 வகையே தாங்கும். லால்பேட்டை உள்நாட்டில் இருப்பதால் உப்பு குறைவு, ஈரம் அதிகம். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் (907–955) உருவான வீராணத்தின் நீர்ப்பரப்பும், வாய்க்காலும் வயலும் வெற்றிலைக் கொடிக்காலும் சூழ்ந்த ஊர் அது. அங்கே பித்தளைக் கீல் இரும்பை விட நெடுநாள் உழைக்கும். ஆனால் பித்தளைக் கீலுக்கு இரும்புத் திருகாணி போடக் கூடாது. ஈரத்தில் இரண்டு உலோகம் உரசி நிற்கும்போது இரும்பு முந்தி அரிக்கும். கீல் பளபளவென்று இருக்க, அதைப் பிடித்திருந்த திருகாணி உள்ளே பொடியாகியிருக்கும்.

பழுதை அறிதல்

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊதி ஜன்னல் இறுகும். உடனே ஆளைக் கூப்பிட்டு ஓரத்தை இழைத்துவிடுவது பரவலான வழக்கம், தவறான வழக்கமும்கூட. சித்திரை வெயிலில் மரம் சுருங்கியபின் அதே இடத்தில் விரல் நுழையும் சந்து தெரியும். இழைப்புளியை எடுக்குமுன் கீலைப் பார்க்க வேண்டும். கைப்பிடிப் பக்கத்துக் கீழ்மூலையில் மட்டும் உரசல் தடம் இருந்தால் மரம் ஊதியது காரணமல்ல, மேல்கீல் தளர்ந்து கதவு தொங்குகிறது. இரட்டைக் கதவு ஜன்னலில் இது தாழ்ப்பாள் பழுதுபோல் தோன்றும். தாழ்த்தண்டு துளைக்கு நேரே வராது, வீட்டார் துளையை அகலமாக்குவார்கள், கதவு மேலும் இறங்கும், பிறகு தாழ்ப்பாளையே மாற்றுவார்கள். கீலைச் சரிசெய்தால் பழைய தாழ்ப்பாளே பொருந்தும்.

கீலிலும் பெரும்பாலும் கெடுவது கீலன்று, திருகாணி கடித்திருக்கும் மரம். கதவைச் சற்றே தூக்கி ஆட்டும்போது கீலின் முள் அசைந்தால் கீல் தேய்ந்தது என்று பொருள், தகடு முழுவதும் மரத்தை விட்டு அசைந்தால் துளை தளர்ந்தது என்று பொருள். இரண்டாவது வகைக்குப் புதுக்கீல் வாங்குவது வீண்செலவு.

மாற்றும் முறை

மாடி ஜன்னலின் கதவுகள் வெளிப்புறம் திறப்பவை, நடுவே கம்பி. உள்ளிருந்து கம்பிச் சந்தில் கையை விட்டுத்தான் திருப்புளி பிடிக்க வேண்டும். அதனால் முதல் வேலை கதவைக் கயிற்றால் கம்பியோடு கட்டுவது. கடைசித் திருகாணி கழன்றதும் கதவு தெருவில் விழுந்து ஆளைச் சாய்க்காமல் இருக்க இதைத் தவிர வேறு காப்பு இல்லை.

துருவேறிய திருகாணிக்கு முந்தைய இரவே மண்ணெண்ணெய் விட்டு வைக்க வேண்டும். அதன் வாயில் அடைந்த பெயின்டைச் சுரண்டியபின், திருப்புளியை நிறுத்திச் சுத்தியால் மெல்ல ஒரு தட்டு, முதலில் இறுக்கும் பக்கம் இம்மியளவு, பிறகு கழற்றும் பக்கம். கழன்றதும் துளையைத் தூசு போக ஊத வேண்டும். வெறுமனே பெரிய திருகாணியைப் போட்டு இறுக்குவது மரத்தைப் பிளக்கும். முற்றிய மூங்கிலைச் சீவி, துளையைவிடச் சற்றே பருத்த முளையாகச் செய்து, ஃபெவிகால் தடவி அடித்து இறக்கி, மறுநாள் உளியால் மட்டமாகச் சீவ வேண்டும். தீக்குச்சியைத் திணிப்பவர்கள் உண்டு. அது அடுத்த மழைவரை தாங்கும்.

புதுக்கீலின் தகடு பழைய பள்ளத்தில் மட்டமாக உட்கார வேண்டும். பள்ளம் ஆழமாக இருந்தால் அட்டையோ மெல்லிய மரச்சீவலோ வைத்து உயர்த்தலாம். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரே ஒரு திருகாணி மட்டும் முதலில் போட்டு, கதவை முழுதாகத் திறந்து மூடிப் பார்த்து, உரசல் இல்லை என்றானபின் மற்றவற்றைப் போடுவது அனுபவப்பட்டவர் முறை. திருகாணி இழையில் மெழுகோ சோப்போ தேய்த்தால் இலகுவாக இறங்கும், பின்னாளில் கழற்றவும் வரும். அதன் தலை தகட்டின் குழியில் முழுதாக அமிழ வேண்டும். தலை துருத்தினால் கீல் மூடாது, கதவைப் பலமாகத் தள்ளுவார்கள், துளை மறுபடி தளரும்.

கொக்கியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் மணிக்கு 120 முதல் 140 கி.மீ. வேகக் காற்றோடு கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. அப்படிப்பட்ட காற்றில் கொக்கியோ தாழ்ப்பாளோ விட்டுப்போன கதவு, நிலையில் மோதி மோதித் தன் கீலைத் தானே பிடுங்கிக்கொள்ளும். புயல் பருவத்துக்கு முன், புரட்டாசியிலேயே மேல்தாழ், கீழ்த்தாழ் இரண்டும் துளையில் முழுதாக இறங்குகின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.

இன்று

வளைகுடா நாடுகளில் உழைப்போர் அனுப்பும் பணத்தில் லால்பேட்டையில் எழும் புதிய வீடுகளுக்கு அலுமினியமும் யு.பி.வி.சி.யும் வந்துவிட்டன. அவற்றில் கீலுக்குப் பதில் உருளையும் உராய்வுத் தாங்கியும் உள்ளன. கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறுவதால், பழுதான பாகத்தைக் கழற்றிக் கையில் எடுத்துச் சென்று ஒப்பிட்டே வாங்க வேண்டும்.