தாம்பரம் வந்த ‘சமைத்துப் பார்’

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு புத்தகம் சாய்ந்து நிற்கும். அட்டை போய், பழுப்புத்தாள் உறை ஏறியது. புளித் தண்ணீரும் மஞ்சளும் பட்டுப் பட்டு, ரசப் பக்கங்கள் மட்டும் கறுத்துப்போயிருக்கும். எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. புதுப்பெண்ணாக வந்த அம்மாவோடு, சீர்ப் பாத்திரங்களுக்கு நடுவே, மாம்பலத்திலிருந்து மின்சார ரயிலில் வந்து இறங்கியது.

அது முதலில் அச்சானது 1951இல், சென்னையில். மீனாட்சி அம்மாள் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். வளர்க்க ஒரு மகன் இருந்தான். அவருடைய கைப்பக்குவத்தை அறிந்த உறவுப் பெண்கள் செய்முறை கேட்டபடி இருந்தார்கள். அதைப் புத்தகமாகவே எழுதிவிடும்படி தூண்டியவர் உறவினர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். இதேபோல, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1931இல், கணவரை இழந்த இர்மா ராம்பவர் தம் சேமிப்பைப் போட்டு ‘தி ஜாய் ஆஃப் குக்கிங்’ நூலை 3,000 பிரதிகள் அச்சிட்டார். துக்கத்தோடு நின்றுவிடாமல் அடுப்பறை அறிவை எழுத்தாக்கிய இந்த இரண்டு பெண்களையும் நான் சேர்த்தே நினைக்கிறேன்.

மீனாட்சி அம்மாள் செய்த பெரிய காரியம், கண்ணளவையும் கையளவையும் கணக்காக்கியது. எத்தனை ஆழாக்கு அரிசி, எத்தனை பலம் புளி, எது முதலில், எது பிறகு என்று ஒன்றுவிடாமல் சொன்னார். கூட்டுக் குடும்பத்தில் மாமியார் பக்கத்தில் நின்று சொல்லித் தருவார். வேலைக்காக ஊரைவிட்டு வந்து குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் தனிக்குடித்தனம் வைத்த பெண்ணுக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள்? புத்தகம் இருந்தது.

பிறகு அளவே மாறியது. 1956இல் வந்த சட்டத்தால் கிலோவும் லிட்டரும் கடைக்கு வந்தன. ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு என்று பாட்டி சொன்ன வாய்ப்பாடு அம்மாவுக்குப் பாதிதான் தெரியும். ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம் என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டார். குக்கர் வந்ததும், பருப்புக்கு நேரே ‘3 விசில்’ ஏறியது.

இன்னொன்றும் நடந்தது. அந்தப் புத்தகம் வெங்காயம், பூண்டு அதிகம் புழங்காத ஒரு சமூகத்தின் சைவச் சமையலைச் சொல்வது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன். சாம்பாரையும் வத்தக்குழம்பையும் அதிலிருந்து கற்ற அம்மா, கடைசி வெற்றுத்தாள்களில் பூண்டுக்குழம்பு, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, பக்கத்து வீட்டு அக்கா சொன்ன கேழ்வரகு அடை என்று தன் கையெழுத்தில் நிரப்பினார். அச்சில் இல்லாத தமிழ்நாடு அந்தத் தாள்களில் இருக்கிறது.

தாம்பரத்திலிருந்து அதே ரயில் பாதையில் திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். எத்தனையோ பெட்டிகளில், ஊறுகாய் பாட்டிலுக்கும் சாம்பார்ப்பொடிக்கும் இடையே, ‘சமைத்துப் பார்’ அந்த வழியாகக் கடல் கடந்திருக்கிறது. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ‘குக் அண்ட் சீ’ வந்தது. தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தியிலும் அது பேசியது. 2001இல் பேத்தி பிரியா ராம்குமார் இக்காலத்துக்கு ஏற்பச் செப்பம்செய்த தேர்ந்தெடுத்த பதிப்பைப் பெங்குவின் வெளியிட்டது.

இப்போது செய்முறை எல்லாம் கைப்பேசியில் ஓடுகிறது. பார்த்துச் சமைப்பது நல்லதுதான். ஆனால் அந்தத் திரையின் ஓரத்தில் அம்மாவின் பென்சில் எழுத்துக்கு இடமில்லை.

உங்கள் வீட்டில் அம்மாவோ அத்தையோ ஒரு குழம்பை வேறு யாருக்கும் வராத பக்குவத்தில் வைப்பவர் என்றால், இந்த ஞாயிறு பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். ‘கொஞ்சம்’ என்று அவர் சொன்னால், எத்தனை கரண்டி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மீனாட்சி அம்மாளும் அப்படித்தான் ஒரு வீட்டுச் சமையலை ஊருக்குத் தந்தார்.