அசையும் நிலமும் அசையாக் காந்தமும்

அசைவின்மைக்கு நிலத்தை உவமை கூறுதல் தொன்றுதொட்டு வந்த வழக்காகும். துணிக்கை ஆர்முடுக்கிகளின் வரலாறோ இவ்வுவமையைப் படிப்படியாகப் பொய்ப்பித்த வரலாறு எனலாம்.

1952ஆம் ஆண்டு அமெரிக்காவின் புறூக்கேவன் ஆய்வுகூடத்தைச் சார்ந்த கூரன்ற், லிவிங்ஸ்ரன், சினைடர் ஆகிய மூவரும் வலுக்குவிவுத் தத்துவத்தை வெளியிட்டனர். கிரேக்கப் பொறியியலாளரான கிறிஸ்ரோபிலோஸ் 1950இலேயே இதனைத் தனித்துக் கண்டிருந்தார். வில்லைகள் ஒளியைக் குவிப்பது போன்று, நான்கு முனைவுகளையுடைய காந்தங்கள் துணிக்கைக் கற்றையைக் குவித்தன. கற்றை மெலிந்தது, ஆர்முடுக்கி வலுப்பெற்றது. ஆயின் வில்லை அசையின் விம்பமும் அசையுமன்றோ? காந்தம் இடம்பெயரின் கற்றையும் நெறிபிறழும் என்னும் இடர் இத்தத்துவத்துடன் கூடவே பிறந்ததாகும்.

ஜெனீவாவுக்கு அருகே சேர்ண் நிறுவனம் நிலத்தடியில் அமைத்த, 27 கிலோமீற்றர் சுற்றளவுடைய லெப் ஆர்முடுக்கி 1989 முதல் 2000 வரை இயங்கியது. கடலில் வற்றுப்பெருக்கை விளைவிக்கும் சந்திரனும் சூரியனும் புவியோட்டையும் உயர்த்தித் தாழ்த்துகின்றன. இதனால் அவ்வளையத்தின் சுற்றளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வேறுபடுவது 1992ஆம் ஆண்டுப் பரிசோதனையால் உறுதியாயிற்று. எனினும் அவ்வசைவு மெதுவானது. வட்டப்பாதையிற் கற்றை மீண்டும் மீண்டும் வருவதால், அதனை அளந்து திருத்த அவகாசமும் இருந்தது.

நேர்கோட்டு மோதுவிப்பானில் அவ்வவகாசம் இல்லை. ஒவ்வொரு கற்றையும் ஒரு தடவை மாத்திரமே சென்று மோதும். சேர்ண் ஆராய்ந்துவரும் கிளிக் திட்டத்தில் மோதுமிடத்திற் கற்றையின் உயரம் ஏறத்தாழ ஒரு நனோமீற்றர், அஃதாவது ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும். செக்கனுக்கு 50 தடவை கற்றைகள் வருதலின், மெதுவான விலகலைக் கற்றையை நோக்கியே திருத்தலாம்; விரைவான அதிர்வைக் காந்தத்திலேயே அடக்கவேண்டும். இறுதிக் குவிவுக் காந்தங்கள் ஒரு நனோமீற்றரின் ஐந்திலொரு பங்கிற்கு மேல் அசைதலாகாது. அன்றேல் எதிரெதிரே வரும் இரு கற்றைகளும் ஒன்றையொன்று தவறவிடும். பெருஞ்செலவில் அமைந்த ஆர்முடுக்கி பயனற்றுப்போகும்.

தொலைவிலுள்ள கடலலைகளும், வாகனங்களும், பம்பிகளும் நிலத்தை ஓயாது அதிர்விக்கின்றன. காந்தத்தை மென்மையான விற்சுருளில் தாங்கினால் நிலத்தின் விரைவான அதிர்வு தடைப்படும். ஆனால் காந்தத்தைக் குளிர்விக்கும் நீரோட்டமே அதனை உலுப்பிவிடும். ஆகவே விறைப்பான தாங்கியையும் உயிர்ப்பான கட்டுப்பாட்டையும் ஆய்வாளர் இணைத்தனர். நுண்ணிய அதிர்வுமானி அசைவை உணரும். கணனி அதற்கெதிரான அசைவைக் கணிக்கும். மின்னழுத்தத்தால் நீண்டு குறுகும் படிகங்கள் காந்தத்தை எதிர்த்திசையில் நகர்த்தும். இத்தகைய உயிர்ப்பான முறையால், 2003ஆம் ஆண்டளவில் சேர்ண் ஆய்வுகூடத்தில் மாதிரிக் காந்தமொன்றின் அதிர்வு ஏறத்தாழ அரை நனோமீற்றருக்குக் குறைக்கப்பட்டது.

கிளிக் இன்னும் கட்டப்படவில்லை. ஆயினும் அதன்பொருட்டு நிகழ்ந்த ஆய்வு ஓர் உண்மையைத் தெளிவுறுத்தியுள்ளது. நிலத்தின் அசைவை மனிதனால் நிறுத்த முடியாது. அதனை அளந்தறிந்து, கணந்தோறும் எதிரசைவு கொடுப்பதனாலேயே காந்தத்தின் அசைவின்மை பேணப்படுகிறது.