புல்தரையில் நடந்த விசாரணை

ருவாண்டா பற்றிக் கொஞ்ச நாளாக வாசித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். தொடங்கும்போது மனசில் இருந்த கேள்வி, "இவங்க எப்படி மன்னிச்சாங்க?" என்பது. வாசிக்க வாசிக்க, அந்தக் கேள்வியே தப்போ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

முதலில் சுருக்கமாக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1994 ஏப்ரல் 6 இரவு, அதிபர் ஹப்யாரிமானா வந்த விமானம் கிகாலியில் சுட்டு வீழ்த்தப்பட்டது. அடுத்த 100 நாட்களில் குறைந்தது 5 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். 8 லட்சம் என்கிற மதிப்பீடும் உண்டு. ருவாண்டா அரசின் கணக்கு 10 லட்சத்தைத் தாண்டும். பெரும்பாலானவர்கள் துட்சிகள். கொலைக்கு உடன்படாத ஹுட்டுக்களும் செத்தார்கள். ராணுவமும் இன்டரஹாம்வே ஆட்களும் மட்டும் செய்த வேலை இல்லை இது. வெட்டுக்கத்தியோடு வந்தவர்களில் பலர் அதே குன்றில் குடியிருந்தவர்கள், தெரிந்த முகங்கள்.

கொலை நின்றபிறகு இன்னொரு சிக்கல். 1990களின் இறுதியில் சிறைகளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அடைந்து கிடந்தார்கள். விசாரிக்க நீதிபதிகள் இல்லை. பலர் கொல்லப்பட்டிருந்தார்கள் அல்லது ஓடிப்போயிருந்தார்கள். வழக்கமான நீதிமன்றங்களை நம்பினால் முடிக்க நூறு வருஷம்கூடப் போதாது. தான்சானியாவின் அருஷாவில் ஐ.நா. அமைத்த தீர்ப்பாயம் மொத்தமாகவே 93 பேர்மீதுதான் குற்றம் சாட்டியது.

அதனால் கச்சாச்சா என்கிற பழைய முறையைத் தூசு தட்டி எடுத்தார்கள். ஊர்க்காரர்கள் புல்தரையில் உட்கார்ந்து தகராறு தீர்ப்பது. நம்ம ஊர் ஆலமரத்தடிப் பஞ்சாயத்து மாதிரி. பழைய கச்சாச்சா பார்த்தது ஆடுமாடு, நிலத் தகராறு. இப்போது அதன்முன் வைத்தது இனப்படுகொலை. 2002இல் சோதனையாகத் தொடங்கி, 2005இல் நாடு முழுக்க விரித்து, 2012 ஜூனில் முடித்தார்கள். ஏறத்தாழ 12,000 மன்றங்கள், 19 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள். நீதிபதிகள் ஊரே தேர்ந்தெடுத்த சாதாரண ஆட்கள், சம்பளம் கிடையாது. வக்கீலும் கிடையாது.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது சட்டத்தின் ஒரு நிபந்தனை. ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும். ஆனால் வெறுமனே "செஞ்சேன்" என்றால் போதாது. யாரை, எங்கே, எப்போது, கூட யார், உடலை எங்கே போட்டாய் என்று எல்லாவற்றையும் சொல்லவேண்டும். மன்னிப்பும் கேட்கவேண்டும்.

தண்டனையைக் குறைக்கக் கேட்கிற மன்னிப்பு என்ன மன்னிப்பு? பிழைத்தவர்களில் பலருக்கு இந்தக் கசப்பு இருந்தது. நியாயம்தான். ஆனால் அதே நிபந்தனையில் இருக்கிற இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். உடல் எங்கே என்கிற பதில். பத்து வருஷமாக அம்மாவின் எலும்பைத் தேடியவருக்கு அது கழிப்பறைக் குழியா, ஆற்றங்கரையா என்று சொல்லக்கூடியவன் கொன்றவன் ஒருவன்தான். அவன் வருந்தினானா இல்லையா என்பது அப்புறம். அந்த இடம் தெரிந்தால் தோண்டி எடுத்து, முறையாக அடக்கம் செய்யலாம்.

குறைகளும் சின்னவை அல்ல. சாட்சி சொன்னவர்கள் மிரட்டப்பட்டார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். பழைய பகைக்குப் பொய்ப் புகார் கொடுத்தவர்களும் உண்டு. போரில் வென்று ஆட்சிக்கு வந்த ஆர்.பி.எஃப். படையினர் செய்த கொலைகள் இந்த மன்றங்களுக்கு வரவே இல்லை. அப்படிச் செத்தவர்களின் பிள்ளைகள் எந்தப் புல்தரையில் போய்ப் பேசுவார்கள்?

2003இல் தொடங்கி, ஒப்புக்கொண்ட கைதிகள் ஆயிரக்கணக்கில் வீடு திரும்பினார்கள். அதே குன்று, அதே சந்தை, அதே தண்ணீர்க் குழாய். சிலர் மனதார மன்னித்தார்கள். பலர் வேற வழியில்லாமல் சேர்ந்து வாழப் பழகினார்கள். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஒன்று இல்லை.

"எப்படி மன்னிச்சாங்க?" என்று கேட்கும்போதே பாரத்தைப் பிழைத்தவர் தலையில் ஏற்றிவிடுகிறோம். என் நோட்டில் அந்தக் கேள்வியை அடித்துவிட்டு இப்படி எழுதியிருக்கிறேன்: கொன்றவன் உண்மையைச் சொன்னானா? மிச்சத்தைப் பிழைத்தவர் பார்த்துக்கொள்வார். மன்னிக்காமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு.