மாகாணங்கள் வந்த கதை

மாகாண சபை இந்தியா திணித்தது என்ற பேச்சைச் செய்தி மேசையில் இருந்த காலந்தொட்டுக் கேட்டு வருகின்றேன். சபை 1987 ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின் வந்தது உண்மையே. ஆனால் மாகாணமோ கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசைத் தொடர்ந்து 1833 இல் ஆங்கிலேயர் கீறியது.

அன்று கீறப்பட்டவை வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு, மத்தி என ஐந்து. நிர்வாகச் சிக்கனம் என்றே காரணம் கூறப்பட்டது. எனினும் 1818 இல் கிளர்ந்தெழுந்த கண்டி இராச்சியத்தைத் துண்டாடிக் கரையோரத்தோடு ஒட்டிவிடும் எண்ணமும் அதிலிருந்தது. அதனாலேயே அனுராதபுரத்தை உள்ளடக்கிய நுவரகலாவியா வட மாகாணத்தோடும், பொலன்னறுவையைக் கொண்ட தமன்கடுவை கிழக்கோடும் சேர்ந்தன. இன்று நாம் உணர்ச்சியோடு உச்சரிக்கும் 'வடக்கு', நாற்பது ஆண்டுகள் அனுராதபுரத்தையும் தன்னுள் கொண்டிருந்தது! (இதனை இரு தரப்பு மேடைப் பேச்சாளர்களும் சொல்வதில்லை.) 1873 இல் வடமத்திய மாகாணம் உருவானபோதே அந்நிலை மாறியது. வடமேல் 1845 இலும், ஊவா 1886 இலும், சப்ரகமுவ 1889 இலும் தோன்ற, மாகாணங்கள் ஒன்பதாயின. அத்தொகை இன்றுவரை மாறவில்லை.

மாவட்டங்களோ பெருகின. மட்டக்களப்பிலிருந்து அம்பாறை 1961 இலும், யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி 1984 இலும் பிரிந்தன, இன்று 25. மாவட்டத்தையே அதிகாரப் பகிர்வின் அலகாக்கும் முயற்சி 1981 மாவட்ட அபிவிருத்திச் சபைகள். அத்தேர்தலுக்குச் சில நாட்கள் முன்னரே யாழ். நூலகம் எரிந்தது. சபைகள் நிலைக்கவில்லை.

பின்னர் 13 ஆவது திருத்தம். 1988 இல் ஜே. ஆர். ஜயவர்த்தன தற்காலிகமாக இணைத்த வடக்கையும் கிழக்கையும், அந்த இணைப்புச் செல்லாது என 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் பிரித்தது. தனித்த வட மாகாண சபைக்கு 2013 இலேயே முதற் தேர்தல் நடைபெற்றது.

அடுத்த தேர்தலைத் தடுத்ததும் எல்லைக்கோடுதான். 2017 ஆம் ஆண்டுச் சட்டம் புதிய தேர்தல் தொகுதிகளைக் கோரிற்று. அதற்கமைய வந்த எல்லை நிர்ணய அறிக்கைக்கு 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. எதிராக 139. இரு மாதங்களில் மீளாய்வு அறிக்கை தரவேண்டிய குழுவும் அதனைத் தரவில்லை. பழைய விகிதாசார முறைக்குத் திரும்பவும் புதிய சட்டம் வேண்டும். வட மாகாண சபையின் ஆயுள் அவ்வாண்டு ஒக்டோபரில் முடிந்தது. 2019 முடிவதற்குள் ஒன்பது மாகாணங்களும் ஆளுநர்களின் கைக்குச் சென்றன.